சத்தம் போடாத குழாயும் சும்மா இருக்கும் குழாயும்



கொஞ்சம் நீளமான பதிவு. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். வைக்காதவர்களும் படிக்கலாம். வீட்டு சிங்க், மாடித் தொட்டி, ஊர் ஏரி எல்லாம் இதில் வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் தொட்டியின் வடிகுழாய் சத்தம் போட்டால் அதைச் சரிசெய்யலாம், சில நூறு ரூபாய் பிவிசி சாமானில் நாமே செய்யலாம். ஆனால் ஒரே ஒரு வடிகுழாய் உள்ள தொட்டியில், சத்தத்தை நிறுத்துவதற்காக அந்தக் குழாயில் வால்வு வைப்பதோ பஞ்சு அடைப்பதோ கூடவே கூடாது. அமைதி வேண்டும் என்றால் பக்கத்தில் சும்மா இருக்கும் இன்னொரு குழாய் வேண்டும். இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கத்திலும் பெரிய தொட்டி வைப்பது அதிகமாகிவிட்டது. எங்கள் பக்கம் என்றால் கடலூர் மாவட்டத்து மங்களூர். பெயரைச் சொன்னதும் கர்நாடகமா என்று கேட்பவர்களுக்காக இந்த விளக்கம். எங்களுக்கு டவுன் என்றால் திட்டக்குடி, அதைவிட்டால் விருத்தாசலம். அங்கே துணிக்கடை, கிளினிக், ஓட்டல் என்று பல இடங்களில் நாலடித் தொட்டி நிற்கிறது. வீடுகளிலும் வந்துவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பாடம் எடுத்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்கிறார்கள். "சார், மீன் நல்லா இருக்கு சார். சத்தம்தான் தாங்கல. ராத்திரி ஹால்ல படுக்க முடியல." இதே வாசகத்தை நாலைந்து பேரிடம் கேட்டுவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு அமைப்பை முதலில் சொல்கிறேன். மேலே மீன் இருக்கும் தொட்டி. கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி, அதற்கு சம்ப் என்று பெயர். மேல் தொட்டியின் மூலையில் கண்ணாடியால் தடுத்த ஒரு பெட்டி இருக்கும். தண்ணீர் அந்தத் தடுப்பின் விளிம்பைத் தாண்டி வழிந்து, பெட்டிக்குள் விழுந்து, அடியில் உள்ள குழாய் வழியாக சம்புக்கு இறங்கும். சம்பில் பஞ்சும் செராமிக் வளையங்களும் இருக்கும். அங்கே சுத்தமான தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே தள்ளும்.

செராமிக் வளையம் எதற்கு என்று விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். மெருகு பூசாமல் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் நல்ல பாக்டீரியா குடியேறும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அவற்றுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், அதில் ஆக்சிஜன் வேண்டும். எனவே வடிகுழாய் நன்றாக ஓடுவது மீனுக்கு உயிர்ப் பிரச்சினை. சத்தத்துக்குப் பயந்து ஓட்டத்தை ஒரேயடியாக நெரித்தால் கீழே உள்ள பாக்டீரியா தவிக்கும்.

இனி சத்தத்துக்கு வருவோம்.

நிறைந்த குடத்தைத் திடீரென்று கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் குபுக் குபுக் என்று விட்டு விட்டு வரும். வெளியே வரும் தண்ணீரும் உள்ளே போகும் காற்றும் ஒரே வாயில் முட்டிக்கொள்கின்றன. அதே குடத்தைச் சாய்த்து மெதுவாக ஊற்றினால் சத்தம் இல்லை. தண்ணீர் கீழ்ப்பக்கமாக வர, காற்று மேல்பக்கமாகப் போகிறது. ஆளுக்கொரு வழி. வடிகுழாயில் நடப்பதும் இதுதான்.

குழாயில் தண்ணீர் இறங்குவதை மூன்று நிலையாகப் பிரிக்கலாம்.

முதல் நிலை: தண்ணீர் குறைவு. குழாயின் உள் சுவரை ஒட்டிப் படலமாக இறங்கும். நடுவில் காற்று தாராளமாக இருக்கும். சத்தம் மிகக் குறைவு.

இரண்டாம் நிலை: தண்ணீர் நடுத்தரம். சுவரை ஒட்டி இறங்கவும் இடம் போதாது, குழாயை முழுதாக நிரப்பவும் தண்ணீர் போதாது. கட்டி கட்டியாகத் தண்ணீர், நடுநடுவே காற்று. கடகட, களகள எல்லாம் இங்கேதான்.

மூன்றாம் நிலை: குழாய் முழுக்கத் தண்ணீர், காற்றே கிடையாது. சைஃபன் என்று பாடத்தில் படித்தோமே, அது. துளிச் சத்தம் இருக்காது.

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்று பெரியவர்கள் சொன்னது குழாய்க்கும் பொருந்துகிறது. பெரும்பாலான வீட்டுத் தொட்டிகள் அந்தக் குறைகுட நிலையில்தான் ஓடுகின்றன.

கையில் ரம்பம் எடுப்பதற்கு முன் எந்தச் சத்தம் என்று காதை வைத்துக் கேளுங்கள். மூன்று இடத்தில் வரும்.

ஒன்று, அருவிச் சத்தம். விளிம்பிலிருந்து பெட்டிக்குள் தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது. பெட்டிக்குள் நீர்மட்டத்தை விளிம்புக்கு ஓரிரு அங்குலம் கீழே வரை உயர்த்திவிட்டால் விழும் உயரம் போய்விடும், சத்தமும் போய்விடும்.

இரண்டு, உறிஞ்சும் சத்தம். குழாயின் வாய்க்கு மேலே நீர் சுழித்து, சுழியின் நடுவே காற்று உள்ளே போகிறது. இளநீரில் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது வருமே, அதே சத்தம். குழாய் வாய் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருந்தால் சுழி உண்டாகாது.

மூன்று, சம்பில் வரும் சத்தம். குழாய் முனை நீர்மட்டத்துக்கு மேலே நின்றால் சளசள. ரொம்ப ஆழத்தில் முழுகி இருந்தாலும் தப்பு, உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல் முட்டும். முனை ஓர் அங்குலம் மட்டும் முழுகியிருந்தால் போதும்.

முதல் இரண்டு சத்தத்துக்கும் சேர்த்து ஒரு பழைய வைத்தியம் உண்டு. டர்சோ குழாய் என்று பெயர். அமெரிக்காவில் ரிச்சர்ட் டர்சோ என்ற மீன் வளர்ப்பவரின் பெயரால் உலகம் முழுக்கத் தெரியும். மீனும் தொட்டியும் வாங்கச் சென்னை கொளத்தூருக்குப் போகிறவர்கள் போகட்டும். இந்தக் குழாய்ச் சாமான் நம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

தேவையானவை: பெட்டியின் அடித்துளையில் மாட்டும் டேங்க் நிப்பிள், அதில் நிற்கும் பிவிசி குழாய், ஒரு டீ, ஓர் எல்போ, ஓர் எண்ட் கேப். குழாயை நேராக நிறுத்தி அதன் தலையில் டீயை மாட்டுங்கள். டீயின் பக்கவாட்டு வாயில் எல்போவைக் கீழ்நோக்கி மாட்டுங்கள். தண்ணீர் இந்த எல்போ வழியாக, நீர்மட்டத்துக்குக் கீழேயிருந்து உள்ளே ஏறும். சுழி இல்லை, உறிஞ்சல் இல்லை. டீயின் மேல் வாயை எண்ட் கேப்பால் மூடி, அதில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுங்கள். காற்றுக்கு அதுதான் வாசல். தண்ணீருக்கு ஒரு வழி, காற்றுக்கு ஒரு வழி. சாய்த்து ஊற்றிய குடம் ஆகிவிட்டது.

அந்தத் துளையில்தான் சூட்சுமம். துளை சின்னதாக இருந்தால் காற்று போதாமல் குழாய் நிரம்பி, சைஃபன் பிடித்து, பெட்டியில் உள்ள தண்ணீரை மளமளவென்று இழுத்துவிடும். மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துபோகும். கழிவறை ஃப்ளஷ் மாதிரி நிமிடத்துக்கு ஒரு தடவை இது நடக்கும். துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால் நின்றுவிடும். அல்லது துளையில் ஏர் பம்ப் ட்யூபைச் செருகி, மீன் கடையில் விற்கும் சின்ன ஏர் வால்வை மாட்டினால் திருகிச் சரிபார்க்கலாம்.

குழாய் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓர் அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலம் போட்டால் விட்டம் ஒன்றரை மடங்குதான், பரப்பு இரண்டேகால் மடங்கு. பெரிய குழாயில் நடுவே காற்றுக்கு இடம் கிடைக்கும். டேங்க் நிப்பிளுக்கு மேலே, பெட்டிக்குள் இருக்கும் பாகங்களைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். இறுக்கிச் செருகினால் போதும், பிறகு உயரம் மாற்றலாம். கீழே ஒட்டும் இடங்களை நன்றாகக் காயவிட்டு, கழுவிய பிறகே மீன் தண்ணீரை விடுங்கள். கடினப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியில் துளை போட முயல வேண்டாம், நொறுங்கிவிடும்.

டர்சோ குழாயில் சத்தம் பாதிக்கு மேல் குறையும். முழுக்கப் போகாது. முழு அமைதி வேண்டும் என்பவர்கள் மூன்றாம் நிலைக்கு, அதாவது முழுச் சைஃபனுக்குப் போக வேண்டும். வடிகுழாயில் ஒரு வால்வு வைத்து, மோட்டார் எவ்வளவு மேலே தள்ளுகிறதோ அவ்வளவு மட்டும் கீழே இறங்கும்படி திருகி வைத்தால், பெட்டியில் மட்டம் உயர்ந்து குழாய் நிரம்பி ஓடும். காதை ஒட்டி வைத்தாலும் கேட்காது. இங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

ஓர் அங்குலக் குழாய் நிரம்பி ஓடினால் மணிக்கு 2000 லிட்டருக்கு மேல் இறக்கும். உங்கள் மோட்டார் ஆயிரம்தான் தள்ளுகிறது என்றால், வால்வை நெரித்து அந்த இரண்டாயிரத்தை ஆயிரத்துக்குக் கொண்டு வருகிறீர்கள். கடகடவென்று கத்திய குழாயில் காற்று இருந்தது. காற்று இருந்த இடம் எல்லாம் அவசரத்துக்கு உதவும் இடம். அமைதியான குழாயில் அந்த இடத்தை நாம் எடுத்துவிட்டோம். இப்போது ஓர் இலை, ஒரு நத்தை, செத்த மீன் ஒன்று வால்வு வாயில் மாட்டினால் போதும். மோட்டார் தன் பாட்டுக்கு ஆயிரம் லிட்டர் தள்ளும், குழாய் எழுநூறு இறக்கும். மிச்சம் முந்நூறு எங்கே போகும்? உங்கள் ஹால் தரைக்கு.

விருத்தாசலத்தில் ஒரு கடையில் இதை நேரில் பார்த்தேன். பெயர் வேண்டாம். சத்தம் வாடிக்கையாளருக்குத் தொந்தரவு என்று யாரோ வடிகுழாய் வாயில் பஞ்சு வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்திருக்கிறது. பஞ்சில் அழுக்கு சேரச் சேர வழி குறைந்து, கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி வழிந்துவிட்டது. திங்கள் காலை திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். ஸ்டெபிலைசர் நனைந்திருந்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தது. சம்ப் வற்றி மோட்டார் வெறுமையாய் ஓடிக் கருகிப்போயிருந்தது. பெருக்க வந்த அம்மா கரண்ட் பாக்ஸைத் தொடாமல் வெளியே வந்து கத்தியதால் பெரிய விபத்து நடக்கவில்லை. மீன் தொட்டிதானே என்று சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தண்ணீரும் கரண்டும் பக்கத்து பக்கத்தில் இருக்கும் இடம் அது.

அப்படியானால் அமைதிக்கு வழியே இல்லையா? இருக்கிறது. நம் ஊர் ஏரியைப் பாருங்கள்.

எந்த ஏரிக்கும் தண்ணீர் வெளியேற இரண்டு வழி உண்டு. ஒன்று மதகு. வேண்டிய அளவு திறந்து வயலுக்கு விடுவோம், கையால் கட்டுப்படுத்துவோம். இன்னொன்று கலிங்கு. அதற்குத் திறப்பும் இல்லை, மூடலும் இல்லை. மட்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே வழிந்து ஓடும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கலிங்கு காய்ந்து கிடக்கும், ஆடு மேயும். அதற்காக யாரும் கலிங்கை அடைத்துவிட்டு மதகை மட்டும் நம்புவதில்லை. அடைத்தால் கரை உடையும். நம் மாவட்டத்து வீராணம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. அதே மன்னன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழு வைத்த ஊர் நம்முடையது.

மீன் தொட்டிக்கும் அதே கணக்குதான். இரண்டு துளை, இரண்டு குழாய். முதல் குழாய் மதகு: வால்வு வைத்தது, வாய் நீருக்குள் நன்றாக முழுகியிருக்கும், சைஃபனாக நிரம்பி ஓடும். இரண்டாவது குழாய் கலிங்கு: வாய் சற்று உயரத்தில், ஆனால் தொட்டி விளிம்புக்குக் கீழே. வால்வு கிடையாது, வலை மூடி கிடையாது, எதுவும் கிடையாது. முதல் குழாயில் அடைப்பு வந்தால் மட்டம் உயர்ந்து இதன் வழியாக இறங்கும். இதற்கு ஹெர்பி முறை என்று பெயர். மூன்று குழாய் வைப்பதும் உண்டு, அது பீன் அனிமல் முறை. அதில் ஒன்று நிரம்பி ஓடும், ஒன்றில் சொற்ப நீர் சுவரை ஒட்டி இறங்கும், ஒன்று எப்போதும் காலி. வீட்டுக்கு இரண்டு போதும் என்பது என் எண்ணம். மோட்டாரும் வால்வும் நூலளவு துல்லியமாக ஒத்துப்போகாது. மிச்சமாகும் சிறு ஒழுக்கு இரண்டாவது குழாயில் படலமாக இறங்கட்டும், அதில் சத்தம் வராது.

வால்வு வாங்கும்போது பால் வால்வைவிட கேட் வால்வு நல்லது. பால் வால்வு கால் சுற்றில் மூடிக்கொள்ளும், துல்லியமாக வைப்பது கஷ்டம். கேட் வால்வு பல சுற்று சுற்ற வேண்டும், அதனால் நுணுக்கமாக வைக்கலாம். ஆனால் பித்தளை வேண்டாம். அதில் செம்பு இருக்கிறது, இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். பிளாஸ்டிக்கில் கேட் வால்வு கிடைக்காவிட்டால் பிவிசி பால் வால்வை வைத்துப் பொறுமையாகத் திருகுங்கள்.

வைத்த பிறகு மூன்று சோதனை. இதைச் செய்யாமல் ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

முதல் சோதனை: வால்வை முழுக்க மூடுங்கள். இரண்டாவது குழாய் தனியாக அத்தனை தண்ணீரையும் இறக்குகிறதா பாருங்கள். அப்போது பயங்கரச் சத்தம் வரும். வரட்டும். முதல் குழாயில் ஏதோ கோளாறு என்று நமக்குச் சொல்லும் மணி அது. அந்தச் சத்தத்தையும் அடக்க முயலாதீர்கள்.

இரண்டாம் சோதனை: மோட்டாரை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். நம் ஊரில் கரண்ட் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் சைஃபன் தானாகப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கீழ் முனை அதிகம் முழுகியிருக்கிறது, அல்லது வால்வை அதிகம் நெரித்திருக்கிறீர்கள்.

மூன்றாம் சோதனை ஒரு கணக்கு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டி. கரண்ட் போனால் மேல் மட்டம் ஓர் அங்குலம் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 × 1.5 × 1/12, ஆக அரை கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். எனவே 14 லிட்டர் கீழே வரும். சம்பில் அந்த 14 லிட்டருக்குக் காலி இடம் இருக்கிறதா? மேலே தண்ணீர் விடும் குழாய் ஆழத்தில் முழுகியிருந்தால் அதுவும் எதிர் சைஃபனாகி இழுக்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சிறு துளை போட்டால் அங்கே காற்று புகுந்து அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதையே திருப்பியும் போடுங்கள்: வடிகுழாய் முழுக்க அடைத்துக்கொண்டால், சம்பில் மோட்டார் உள்ள அறைத் தண்ணீர் முழுவதும் மேலே போனாலும் மேல் தொட்டி தாங்குமா? தாங்கும்படி அந்த அறையில் தண்ணீரை அளவாக வையுங்கள். பிறகு எது நடந்தாலும் தரை நனையாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. "இரண்டாவது துளைக்கு எங்கே போவது சார், வாங்கும்போதே ஒரு துளைதான்" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு துளைதான் என்றால் டர்சோ குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வால்வு வேண்டாம். தேவைக்கு மேல் பெரிய மோட்டார் வைத்திருந்தால் அதன் வேகத்தைக் குறையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் அது, பல வீடுகளில் அதுவே போதும். மிச்சம் இருக்கும் கொஞ்சச் சத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். புதிதாகத் தொட்டி செய்யச் சொல்பவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டு துளை கேளுங்கள். செய்து தருபவர்களும் கேட்காமலே போட்டுத் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொரு எதிர்வாதம்தான் எனக்குக் கவலை. "சும்மா நிற்கிற குழாய்க்கு எதுக்குக் காசு?" என்பது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஓவர்ஃப்ளோ குழாய் சும்மாதானே நிற்கிறது? அதில் யாராவது வால்வு வைக்கிறோமா? கழிவறைக் கழிவு போகும் குழாயின் தலையில் மொட்டை மாடி வரை காற்றுக் குழாய் போகிறதே, அதில் ஒரு சொட்டும் ஓடாது. அது இல்லாத வீட்டில்தான் பேசினும் சிங்கும் குளகுளவென்று கத்தும், நாற்றமும் வரும். பயன்படாமல் இருப்பதுதான் அவற்றின் வேலை.

2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வராத ஓடை தரிசுதானே என்று நினைக்கும் பழக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்று அந்த மாதங்களில் பேசாதவர் இல்லை. மழை விட்டதும் அந்தப் பேச்சும் விட்டுப்போகிறது. காலியாக இருப்பதை வீண் என்று நினைக்கும் புத்தியை வீட்டிலேயே மாற்ற ஆரம்பிக்கலாம். அதற்கு ஒரு மீன் தொட்டி நல்ல பாடப்பொருள்.

பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சைஃபனும் காற்றழுத்தமும் பாடத்தில் வந்தால் படம் வரைந்து பாகம் குறிப்பதோடு விடாதீர்கள். ஒரு வெட்டிய தண்ணீர் பாட்டில், இரண்டு ஸ்ட்ரா, கொஞ்சம் எம்-சீல் போதும். ஒரு ஸ்ட்ராவைத் தாழ்வாகவும் ஒன்றை உயரமாகவும் மாட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தாழ்ந்ததை விரலால் அடைக்கச் சொல்லுங்கள். உயர்ந்ததில் தண்ணீர் ஓடத் தொடங்கும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேளுங்கள். கலிங்கு எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

தொட்டி வைத்திருப்பவர்கள் இன்று ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியைத் திறந்து வடிகுழாய் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுதான் இருந்து, அதில் வால்வு பாதி மூடியிருந்தால், முழுதாகத் திறந்துவிட்டுப் படுக்கப் போங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் சுவரில் உயரமாக மாட்டுங்கள். சத்தத்தை ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், மங்களூர்.